பதினேழாம் நம்பர் நார்மல்

மாமல்லபுரத்துக்குக் கொஞ்சம் முன்னால், கடற்கரைச் சாலையை ஒட்டி ஒரு கல்யாண மண்டபம். சித்தப்பா மகன் வீட்டுக் காதுகுத்து அங்கேதான் நடந்தது. பந்தியில் எனக்குப் பக்கத்து இலையில் அண்ணி உட்கார்ந்திருந்தார்.

அண்ணி சாப்பிடுவதைப் பார்த்தால் பரிமாறுகிறவர்களுக்குக் கோபம் வரும். ஊறுகாய், அப்பளம், கீரைக் கூட்டு, வாழைப்பழம் எல்லாவற்றையும் இலையின் ஓரத்துக்குத் தள்ளிவிட்டார். தண்ணீர் ஊற்ற வந்த பையனிடம் டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினார். கைப்பையில் அரை லிட்டர் பாட்டில் ஒன்று இருந்தது. அதில் பேனாவால் மூன்று கோடுகள். காலைக்கு ஒன்று, மத்தியானத்துக்கு ஒன்று, ராத்திரிக்கு ஒன்று. டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களுக்குத் தண்ணீர் அவ்வளவுதான். நா வறண்டால் வாயில் போட்டுக்கொள்ள ஒரு பிளாஸ்க்கில் ஐஸ் கட்டிகள்.

இடது கையை முந்தானைக்குள் மறைத்து வைத்திருந்தார். அந்தக் கையில் ஊசி ஏறி ஏறி நரம்பு தடித்துப் போயிருந்தது.

அடுத்த இலையிலிருந்து திருக்கழுக்குன்றத்துச் சித்தி எட்டிப் பார்த்துக் கேட்டார். "ரேவதி இப்ப இன்னா வேல செய்யுது? டாக்டரா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி பதில் சொன்னார். "டாக்டருக்கு மேல. மருந்து சரியா கீதா, டெஸ்டு சரியா கீதான்னு இவதான் பாத்து சொல்லணும். இவ கையெழுத்து இல்லாம ஒரு மாத்திர வெளிய போவாது."

அது சுத்தப் பொய். என் கையெழுத்து இல்லாமல் ஊர்ப்பட்ட மாத்திரைகள் தினமும் வெளியே போய்க்கொண்டுதான் இருக்கின்றன. ஆனால் அண்ணியின் பெருமையைத் திருத்த யாராலும் முடியாது.

"இவ படிக்கச் சொல்ல என் ரத்தத்தத்தான எடுத்து டெஸ்டு பண்ணா. தெரியுமா உனக்கு? என் ரத்தத்துல பாஸ் பண்ணவ இவ!"

சித்தி சிரித்தார். எதிர்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அண்ணியும் வாயில் ஐஸ் கட்டியை ஒதுக்கிக்கொண்டு சிரித்தார். என் வாயில் சாம்பார் சாதம் இருந்தது. அதை விழுங்க முடியவில்லை.

தள்ளிப்போட்ட வாரம்

இந்தத் தொடரில் இதுவரை எழுதியதெல்லாம் நல்ல பிள்ளை அத்தியாயங்கள். முதல் வேலை, முதல் விமானப் பயணம், நான் பேசுவதற்கு முன்பே மைக் உயிரை விட்ட கருத்தரங்கு. மதுராந்தகத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார்: "உங்கள் நேர்மையை என் மகளுக்குப் படித்துக் காட்டுகிறேன்."

அம்மா, இந்த வாரத்தையும் படித்துக் காட்டுங்கள்.

என் வேலை என்னவென்று முன்பே சொல்லியிருக்கிறேன். மருந்து ஆராய்ச்சிகளின் பதிவேடுகளைச் சரிபார்க்கும் வேலை. சிறுசேரியில் ஆபீஸ். எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. எழுதிய எண்ணை மாற்ற வேண்டுமானால், அடியில் இருப்பது தெரியும்படி ஒரே ஒரு கோடு போட்டு அடிக்க வேண்டும். பக்கத்தில் கையெழுத்து, தேதி, காரணம். அழிப்பான் கூடாது, வைட்னர் கூடவே கூடாது. புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு இதை நான்தான் வகுப்பெடுக்கிறேன். ஒருமுறை ஒரு பெண் வைட்னர் பூசிக் கொண்டுவந்தாள் என்று எல்லோர் முன்பும் அவளை அழ வைத்திருக்கிறேன்.

அந்த வகுப்பை எடுக்க எனக்கு என்ன யோக்கியதை என்பதுதான் இந்த வாரத்துக் கதை.

ரெண்டு இட்லி, அக்கா

எங்கள் வீடு செங்கல்பட்டை ஒட்டி ஒரு கிராமத்தில். அப்பா நான் பள்ளியில் படிக்கும்போதே போய்விட்டார். அண்ணன் ஏழுமலை வேன் ஓட்டி வீட்டைப் பார்த்துக்கொண்டார். சிறுசேரி ஐ.டி. கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போகிற வேன். அண்ணி தனலட்சுமி, கல்யாணமாகி வந்த இரண்டாம் வருஷமே பொத்தேரி ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு தள்ளுவண்டி போட்டார். 'தனம் டிபன் கடை' என்று அண்ணனே பெயின்ட் அடித்துக் கொடுத்தார். அந்தப் பக்கம் ஹாஸ்டல் பிள்ளைகள் அதிகம். மெஸ் சாப்பாடு பிடிக்காத பிள்ளைகளெல்லாம் அங்கேதான் நிற்பார்கள்.

பிறகு நானும் பொத்தேரிப் பக்கமே எம்.எஸ்ஸி. சேர்ந்தேன். பயோமெடிக்கல் சயின்ஸ். இது டாக்டர் படிப்பா, நர்ஸ் படிப்பா, லேப் படிப்பா என்று வீட்டில் ஒருவருக்கும் விளங்கவில்லை. "ஒடம்புக்குள்ள இன்னா நடக்குதுன்னு படிக்கறாளாம்" என்று அண்ணி தெருவில் சொல்லிவைத்தார். இன்றுவரை அதைவிடச் சரியான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

வகுப்பில் என்னோடு சேர்ந்த நாலு பெண்களும் ஹாஸ்டல். டாக்டர் வீட்டுப் பெண், எஞ்சினியர் வீட்டுப் பெண் என்று வசதியான இடங்கள். அண்ணன் என்ன செய்கிறார் என்று கேட்டார்கள். "டிராவல்ஸ் வெச்சிருக்கார்" என்றேன். வேனும் டிராவல்ஸ்தானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

முதல் வாரமே அவர்கள் என்னை இழுத்துக்கொண்டு போய் நிறுத்திய இடம், தனம் டிபன் கடை.

அண்ணி தோசைக் கல்லில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்லாக நிமிர்ந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் முந்திக்கொண்டேன்.

"அக்கா, எனக்கு ரெண்டு இட்லி."

கடைக்கு வருகிற எல்லாப் பிள்ளைகளும் அவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். கரண்டி ஒரு கணம் அப்படியே நின்றது. அப்புறம் அண்ணி குனிந்து தட்டை எடுத்தார்.

"சட்னி போதுமாம்மா, சாம்பாரு ஊத்தவா?"

அவ்வளவுதான். இரண்டு வருஷம் இந்த நாடகம் நடந்தது. ஒரே வீட்டில் படுத்து எழுந்து, ஒரே ஸ்டேஷனில் இறங்கி, கடையில் மட்டும் நாங்கள் யாரோ எவரோ. சாயங்காலம் பிளாட்பாரத்தில் அண்ணி கழுவிய அண்டாவோடு உட்கார்ந்திருந்தால், நான் தோழிகளோடு மறுகோடிக்கு நடந்துவிடுவேன். வீட்டுக்குப் போனதும் அண்ணி எனக்குச் சோறு போடுவார். இதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அண்ணனிடம் அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இதை எழுதும்போதே எனக்கு என் மேல் பற்றிக்கொண்டு வருகிறது. இத்தனைக்கும் என் புத்தகப் பை, செருப்பு, ரயில் பாஸ் எல்லாம் அந்தத் தள்ளுவண்டியிலிருந்து வந்தவை.

நார்மல் வேட்டை

எங்கள் படிப்பில் கடைசி வருஷம் ஒரு ஆய்வு செய்ய வேண்டும். நான் எடுத்தது சர்க்கரை நோயாளிகளின் சிறுநீரகம். நோயாளிகளின் ரத்தம் கிடைப்பதில் கஷ்டமே இல்லை. ஆஸ்பத்திரியில் வரிசையில் நிற்பார்கள். கஷ்டம், ஒப்பிட்டுப் பார்க்க எந்த நோயும் இல்லாத ஆட்களைப் பிடிப்பது. லேப் பாஷையில் அவர்களுக்கு 'நார்மல்' என்று பெயர்.

ஆய்வு மாணவர்கள் நார்மல் தேடி அலைகிற அலைச்சல் வெளியே யாருக்கும் தெரியாது. ஹாஸ்டல் வார்டன், ஜெராக்ஸ் கடைக்காரர், செக்யூரிட்டி, கூடப் படிக்கிற பிள்ளைகள், ஒருவரையும் விடமாட்டோம். "அண்ணா, அஞ்சு மில்லிதான்" என்று கெஞ்சுவோம். ஊசியைப் பார்த்ததும் ஆறடி ஆள்கூட ஓடுவார். லீவுக்கு ஊருக்குப் போகிறவர்கள் மாமா, அத்தை எல்லோரிடமும் ஆளுக்கு ஒரு டியூப் எடுத்துக்கொண்டு வருவதும் உண்டு. சொந்தக்காரர்களை நார்மல் என்று நாமே முடிவு செய்துவிடுகிறோம். நடமாடுகிறார்கள், திட்டுகிறார்கள், அப்படியானால் நார்மல்.

எனக்கு முப்பது நார்மல் வேண்டும். பதினாறில் நின்றுவிட்டது.

தோழி நிவேதாதான் சொன்னாள், "டிபன் கடை அக்காவைக் கேளேன். நல்லா திடமா இருக்காங்க." நான் மறுத்தால் ஏன் என்று கேட்பாள். போனேன்.

மத்தியான நேரம், கடையில் கூட்டமில்லை. படிவத்தை எடுத்து நான் அண்ணிக்குப் படித்துக் காட்டினேன். யாரோ ஒரு அக்காவுக்குப் படிப்பதுபோல. "பரிசோதனையில் இயல்புக்கு மாறாக ஏதேனும் தெரியவந்தால் தங்களுக்கு உடனடியாகத் தெரிவிக்கப்படும்" என்று அதில் ஒரு வரி இருந்தது. அதையும் என் வாயால்தான் படித்தேன். அண்ணி தலையாட்டிவிட்டு 'தனலட்சுமி' என்று முழுசாகக் கையெழுத்துப் போட்டார். கீழே நானும் போட்டேன்.

அவர் முழங்கையைப் பிடித்து நரம்பு தேடினேன். மாவு வாசனை. மணிக்கட்டில் எண்ணெய் தெறித்த பழைய தழும்புகள். அண்ணி ஊசியைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். டியூப்பில் நான் எழுதியது: N - 17. நார்மல், பதினேழு.

வைட்னர்

ரிசல்ட் வந்தது. கிரியாட்டினின் என்று ஒன்று உண்டு. சிறுநீரகம் கழித்துத் தள்ள வேண்டிய கழிவு. சாதாரணமாக ஒன்றை ஒட்டி நிற்கும். பதினேழாம் நம்பருக்கு இரண்டைத் தாண்டியிருந்தது. நான் எடுத்த சர்க்கரை நோயாளிகளிலேயே பாதிப் பேருக்கு அவ்வளவு இல்லை.

எங்கள் பேராசிரியை நோட்டைப் பார்த்தார். அவருக்குக் கண் கூர்மை. "இது நார்மல் இல்லையேம்மா. மறுபடி எடு. மறுபடியும் இப்படியே வந்தா அந்த ஆளுக்குச் சொல்லி ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும். யார் இது?"

லேபில் நிவேதா இருந்தாள். மற்ற மூன்று பேரும் இருந்தார்கள். என் அண்ணி என்று சொன்னால், இரண்டு வருஷத்து அக்கா என்னாவது? டிராவல்ஸ் என்னாவது?

"யாரோ ரோட்டுக்கட அம்மா, மேடம். இப்ப கடை போடறதில்ல. எங்க போனாங்கன்னு தெரியல."

நிவேதா என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். அன்று காலையில்தான் நாங்கள் இருவரும் அந்தக் கடையில் பொங்கல் சாப்பிட்டிருந்தோம். மறுபடி ஊசி குத்தப் போகிற சோம்பலில் புளுகுகிறேன் என்று நினைத்திருப்பாள். அவளும் அதையெல்லாம் செய்கிறவள்தான். பேசாமல் இருந்துவிட்டாள்.

"அப்ப அந்த சாம்பிளை எடுத்துட்டு வேற ஆளைப் போடு. ஏன் எடுத்தேன்னு காரணம் எழுது" என்றார் மேடம்.

நான் காரணம் எழுதவில்லை. எண்ணின் மேல் வைட்னர் பூசினேன். அன்று சாயங்காலம் நிவேதாவிடம் கையை நீட்டி என் ரத்தத்தையே எடுக்கச் சொல்லி, பதினேழாம் நம்பரில் அதை வைத்தேன். என் எண் அழகாக ஒன்றுக்குள் வந்தது. அந்த ஆய்வுக்கு எனக்குப் பரிசு கிடைத்தது.

வீட்டிலாவது அண்ணியிடம் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நானும் என்னை அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சொன்னால் அண்ணி பரிசோதனைக்குப் போவார், எங்கே முதலில் பார்த்தீர்கள் என்று கேட்பார்கள், பேச்சு மேடம் வரைக்கும் வரும் என்று பயந்தேன். டியூப்பை லேபுக்குக் கொண்டுபோன பெட்டியில் ஐஸ் உருகிவிட்டது, வெயிலில் ரத்தம் கெட்டிருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். வெயிலில் கெட்ட ரத்தத்தில் பொட்டாசியம் ஏறும். கிரியாட்டினின் அப்படி ஏறாது. அது எனக்கு அன்றைக்கே தெரியும். அந்தப் பாடத்தில் வகுப்பில் முதல் மார்க் நான்தான்.

அண்ணி மறுநாளும் விடிகாலையில் எழுந்து அண்டாவைத் தூக்கிக்கொண்டு போனார். பார்த்தீர்களா, ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டேன். பரீட்சை வந்தது, வேலை வந்தது. அது அப்படியே அடியில் போய்விட்டது.

"இருந்தா சொல்லியிருப்பா"

பல வருஷங்கள் கழித்து அண்ணிக்குக் கால் வீங்கியது. முதலில் நின்று நின்று வேலை செய்வதால் என்றார்கள். பிறகு முகம் வீங்கியது. ஒருநாள் படுத்தால் மூச்சு விட முடியவில்லை. செங்கல்பட்டில் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். இரண்டு சிறுநீரகமும் சுருங்கிப் போயிருந்தன. ரத்தக் கொதிப்பு ரொம்ப வருஷமாகவே இருந்து, யாரும் கவனிக்காமல் விட்டிருக்கிறோம்.

இளம் டாக்டர் ஒருவர் கேஸ் ஷீட் எழுதிக்கொண்டே கேட்டார். "இதுக்கு முன்னாடி எப்பவாவது ரத்தம் டெஸ்ட் பண்ணியிருக்கீங்களா?"

"இல்ல சார்" என்றார் அண்ணன்.

மூச்சு வாங்க அண்ணி கையைத் தூக்கினார். "ஒரு வாட்டி பண்ணிகீது சார். எங்க நாத்தனாரு படிக்கச் சொல்ல எடுத்தா. இதோ, இவதான். அப்ப ஒண்ணும் இல்ல."

"ரிப்போர்ட் இருக்கா?"

"ரிப்போட்டுலாம் இல்ல சார். எதுனா இருந்தா சொல்லியிருப்பா."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் ஒட்டியிருந்த கை கழுவும் படத்தைப் பார்த்தேன். அவர் எழுதினார்: முன்பு பரிசோதனை செய்ததில் இயல்பு நிலை.

என் பொய் ஒரு ஆஸ்பத்திரிக் காகிதத்தில் ஏறிவிட்டது. பதிவேடு சரிபார்ப்பதுதான் என் பிழைப்பு. ஒரு கோடு போட்டு, கையெழுத்துப் போட்டு, காரணம் எழுதச் சொல்லியிருக்க வேண்டும். 

அன்று வீட்டுக்கு வந்து பரண் மேலிருந்து அந்தப் பழைய லேப் நோட்டை எடுத்தேன். பதினேழாவது வரியில் வைட்னர் காய்ந்து மஞ்சளாகியிருந்தது. நகத்தால் சுரண்டினேன். பொருக்குப் பொருக்காக உதிர்ந்து, அடியில் என் குண்டுக் கையெழுத்தில் அந்த எண் அப்படியே இருந்தது.

அதற்குப் பிறகும் மூன்று வருஷம் வாயைத் திறக்கவில்லை. அண்ணி தள்ளுவண்டியை விட்டார். வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். நான் பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்ப்பேன். அவர் சாப்பிடக் கூடாத பழமாகப் பார்த்து வாங்கிப் போயிருக்கிறேன் ஒருதடவை. அண்ணி அதைத் தெருப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, "எங்க ரேவு வாங்கியாந்தது" என்று பெருமையாகச் சொன்னாராம்.

மண்டபத்துக்குப் பின்னால்

மாமல்லபுரத்து இலைக்குத் திரும்பி வருகிறேன். என் ரத்தத்தில் பாஸ் பண்ணவள் என்று அண்ணி சொல்லி, எல்லோரும் சிரித்து, எனக்குச் சோறு இறங்காமல் போன இலை.

"இன்னா ரேவு, சாப்டாம குந்தினு கீற?" என்றார் அண்ணி.

கையைக் கழுவிவிட்டு அவரைப் பின்பக்கம் அழைத்துக்கொண்டு போனேன். அங்கே சவுக்கு மரங்கள், தாண்டினால் கடல். ஒரு ஓரம் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை நிழலில் இழுத்துப் போட்டேன். அண்ணன் முன்பக்கம் வேனில் தாம்பூலப் பைகளை ஏற்றிக்கொண்டிருந்தார்.

"அண்ணி, அந்த டெஸ்டுல உங்களுக்கு ஒண்ணும் இல்லன்னு இல்ல. அப்பவே ஏறியிருந்துச்சு. நான் பாத்தேன். சொல்லல."

அண்ணி ஐஸ் கட்டியைக் கன்னத்தில் ஒதுக்கினார். "ஏன் சொல்லல?"

எல்லாவற்றையும் சொன்னேன். மேடம், நோட்டு, வைட்னர், என் ரத்தம். சொல்லச் சொல்ல எனக்கே அது யாரோ ஒரு கேவலமான பெண்ணின் கதையாகத் தெரிந்தது.  முடிந்ததும் அண்ணி ஒன்று கேட்டார்.

"உங்க மேடம் யாருன்னு கேக்கச் சொல்ல, நீ இன்னான்னு சொன்ன?"

"யாரோ ரோட்டுக்கட அம்மான்னு சொன்னேன்."

"அந்தப் பொண்ணுங்கல்லாம் இருந்துச்சா?"

"இருந்தாங்க."

"ம்."

பாத்திரம் துலக்குகிறவர்கள் ஒரு பெரிய அண்டாவைத் தரையில் உருட்டினார்கள். அந்தச் சத்தம் அடங்கும்வரை அண்ணி காத்திருந்தார்.

"அப்பவே தெரிஞ்சிருந்தா இன்னா ஆயிருக்கும்?"

"மாத்திரையிலயே ஓட்டியிருக்கலாம். பிரஷரக் கொறச்சி, உப்பக் கொறச்சி... ரொம்ப வருஷம் தள்ளிப் போயிருக்கும்." பிறகு சொன்னேன், "போகாமலும் இருந்திருக்கலாம் அண்ணி. சொல்ல முடியாது." அந்தக் கடைசி வரி உண்மைதான். ஆனால் அதை எனக்காகத்தான் சேர்த்தேன். அண்ணிக்கும் அது புரிந்தது.

"நீ என்ன அக்கான்னு கூப்ட்டியே, அதுல எனக்கு வருத்தம் இல்லன்னு நெனச்சிகினியா? வயசுப் பொண்ணு, கூட படிக்கறதுங்க முன்னால கூச்சப்படுது, போவட்டும்னு வுட்டேன். ரெண்டு வருசத்துல அந்தக் கடையில நீ என்னத் தொட்டது ரத்தம் எடுத்த அன்னிக்குத்தான். அந்த ஒரு வாட்டி கையப் புடிச்சதுக்கோசரம், நீ இன்னும் நாலு டியூப்பு கேட்டிருந்தாலும் குடுத்திருப்பேன்."

நான் அழுதேன். அண்ணி என்னைத் தேற்றவில்லை. தேற்ற வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை.

"கண்ணத் தொடச்சிக்க. போய் உங்கண்ணனக் கூப்புடு. நான் அவரோட வூட்டுக்குப் போறேன். அவராண்ட நானே சொல்லிக்கறேன்."

எழுந்து, பாட்டிலில் மத்தியானக் கோடு வரைக்கும் இருந்த தண்ணீரை மூன்று வாயில் குடித்துவிட்டு நடந்தார். வேன் கிளம்பும்போது என் பக்கம் பார்க்கவில்லை.

கூட வந்தவர்

மூன்று வாரம் ஒரு போன் இல்லை. நானும் செய்யவில்லை, எந்த முகத்தோடு செய்வது? ஆபீசில் புதுப் பிள்ளைகளுக்கு வகுப்பு இருந்தது. உடம்பு சரியில்லை என்று வேறு ஒருவரை எடுக்கச் சொன்னேன்.

நாலாவது வாரம் அண்ணன் கூப்பிட்டார். "வியாழக்கெழம எனக்கு வேற ட்ரிப் கீது. உங்கண்ணிய டயாலிசிஸுக்கு இட்டும்போவணும். உன்னத்தான் வரச் சொல்றா."

"அண்ணா..."

"சொன்னா. எல்லாம் சொன்னா." போனை வைத்துவிட்டார்.

வியாழக்கிழமை லீவு போட்டேன். ஆட்டோவில் செங்கல்பட்டு போகும் வழியெல்லாம் அண்ணி வெளிப்பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். ராட்டினக்கிணறு தாண்டும்போது, "வெயிலு இன்னும் கொறையல" என்றார். அது என்னிடம் சொன்னதா, டிரைவரிடம் சொன்னதா என்று தெரியவில்லை.

டயாலிசிஸ் சென்டரில் ஏழெட்டுக் கட்டில்கள். எல்லாவற்றிலும் ஆள். கட்டிலுக்கு ஒரு மெஷின், மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல், ஸ்டூலில் கூட வந்தவர்கள். அண்ணியை அங்கே எல்லோருக்கும் தெரியும். எடை பார்த்துவிட்டு அவர் கட்டிலில் ஏறிப் படுத்தார். வழக்கமாக அண்ணன் வருகிற இடத்தில் என்னைப் பார்த்ததும் நர்ஸ் ரிஜிஸ்டரைத் திருப்பினார்.

"அண்ணன் வரலியா? கூட வந்தவங்க யாரு? பேஷண்டுக்கு இன்னா வேணும் நீங்க?"

நான் வாயெடுப்பதற்குள் அண்ணி முந்திக்கொண்டார்.

"தெரியாதும்மா. யாரோ ரோட்டுல பாத்த பொண்ணு. கூட வந்துச்சு."

சிரிக்கவில்லை. கண்ணை மேலே ஓடும் ஃபேனில் வைத்திருந்தார். நர்ஸின் பேனா அப்படியே நின்றது. பக்கத்துக் கட்டில்காரர் தலையைத் திருப்பினார். ஸ்டூலில் இருந்தவர்களெல்லாம் என்னைப் பார்த்தார்கள். காது மடல் வரை எனக்குச் சுட்டது. அந்தத் தள்ளுவண்டியின் முன் கரண்டியோடு நின்றவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான், இத்தனை வருஷம் கழித்து, எனக்குத் தெரிந்தது.

"நாத்தனார்" என்றேன். பக்கத்திலிருந்த நர்ஸுக்கே அது கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "நான் இவங்க நாத்தனார். இவங்க எங்க அண்ணி. பொத்தேரியில டிபன் கடை வெச்சி என்னப் படிக்க வெச்சவங்க."

நர்ஸ் எழுதிக்கொண்டார். அண்ணி முந்தானைக்குள்ளிருந்து இடது கையை எடுத்து நீட்டினார். ஊசி ஏறியது. குழாயில் ரத்தம் ஓட ஆரம்பித்தது. நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து அண்ணி ஃபேனிலிருந்து கண்ணை எடுக்காமலே கூப்பிட்டார்.

"ரேவு."

"சொல்லுங்க அண்ணி."

"இப்ப சொன்னியே, அத இன்னொரு வாட்டி சொல்லு. அந்தக் கோடி பெட்டுல கீற அம்மாவுக்குக் கேக்கல."

எழுந்து நின்று, அந்தக் கோடிக்குக் கேட்கும்படி சொன்னேன்.